ரோஜாவா, தேவர் மகனா? ஆல்பங்களை மோதவிடும் கணக்கு

1992-ஆம் வருடப் படங்களுக்கான 40-வது தேசிய திரைப்பட விருதுகளில், சிறந்த இசையமைப்பாளர் பிரிவு கடைசியில் இரண்டு ஆல்பங்களில் வந்து நின்றது. ஒரு பக்கம் 'தேவர் மகன்', இளையராஜா. இன்னொரு பக்கம் 'ரோஜா', ஏ.ஆர்.ரஹ்மானின் முதல் படம். நடுவர் குழு ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது. குழுத் தலைவர் பாலு மகேந்திரா. 1980-ல் வந்த 'மூடுபனி'யில் இருந்து ராஜாவோடு வேலை பார்த்தவர். அவர் தன்னுடைய ஓட்டை 'ரோஜா'வுக்குப் போட்டார். முதல் படத்திலேயே ஒருவர் இந்த உயரத்தைத் தொட்டிருக்கிறாரே என்பது அவர் தரப்பில் சொல்லப்பட்ட காரணம்.

இந்தக் கதையை ரசிகர்கள் முப்பது வருஷமாகப் பேசித் தீர்த்தாகிவிட்டது. எனக்கு அதில் பிடித்தது வேறொரு விஷயம். குழுவிடம் கேட்கப்பட்ட கேள்வி "எந்த இசை சிறந்தது?" என்பது. முடிச்சை அவிழ்த்த கேள்வியோ "எது பெரிய சாதனை?" என்பது. இரண்டும் ஒரே கேள்வி மாதிரித் தெரியும், ஆனால் இல்லை. முதல் கேள்வியில் சமமாக நின்றவர்கள் இரண்டாவது கேள்வியில் பிரிந்துவிட்டார்கள்.

இரண்டு ஆல்பங்களை நேருக்கு நேர் நிறுத்தி "இதா, அதா" என்று கேட்பது ரொம்ப எளிய விளையாட்டு. ஆனால் எப்படி நிறுத்துகிறோம், எந்த வரிசையில் நிறுத்துகிறோம், எதை வைத்து முடிச்சை அவிழ்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஜெயிக்கிற ஆல்பம் மாறும். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பழக்கமான பிரச்சினை. நாங்கள் இதை 'சார்ட்டிங்' என்போம். எண்களை அடுக்குவது சுலபம். எண் சண்டைக்கு வராது, போன வாரம் ஐந்தாக இருந்தது இந்த வாரம் ஏழாகவும் மாறாது. பாட்டு அப்படியில்லை பாத்துக்கிடுங்க.

நாக்-அவுட் யாரைக் கொல்கிறது

எங்கள் கல்லூரி நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு லீவு நாளில் இது ஆரம்பித்தது. 16 ஆல்பங்கள், நாக்-அவுட் முறை. தோற்றால் வெளியே. முதல் சுற்றில் எட்டு மோதல், அப்புறம் நான்கு, இரண்டு, ஒன்று. மொத்தம் 15. எத்தனை ஆல்பம் இருந்தாலும் மோதல் எண்ணிக்கை அதைவிட ஒன்று குறைவுதான். காரணம், ஒவ்வொரு மோதலும் சரியாக ஒருவரை வெளியேற்றுகிறது, கடைசியில் ஒருவர்தான் மிஞ்ச வேண்டும்.

குலுக்கலில் 'பயணங்கள் முடிவதில்லை'க்கு எதிராக 'சலங்கை ஒலி' விழுந்தது. பயணங்கள் முதல் சுற்றிலேயே காலி. அதைப் பட்டியலில் சேர்த்தவன் மார்த்தாண்டம் பக்கத்து நண்பன். "சவத்த விடுங்கடே" என்று ஒரு வரி போட்டுவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டான். அவன் அப்பா வேன் ஓட்டியவர். அந்த வேனில் வருஷக்கணக்காக ஓடின கேசட் அது. அப்பா இப்போது இல்லை. மற்றவர்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, அவனுக்கு அப்படியில்லை.

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்காகவே பார்த்தாலும் அவன் கோபத்தில் நியாயம் உண்டு. நாக்-அவுட் முறை முதலிடத்தை மட்டும்தான் நேர்மையாகச் சொல்லும். இரண்டாம் இடத்தைப் பற்றி அது சொல்வது பாதி குருட்டாம்போக்கு. 16 பேரில் உண்மையிலேயே இரண்டாவது சிறந்த ஆல்பம் குலுக்கலில் முதல் ஆல்பத்தின் அதே பாதியில் விழுந்துவிட்டால், ஃபைனலுக்கு வரவே முடியாது. வழியிலேயே முதல் ஆல்பத்திடம் அடிபட்டுவிடும். எதிர்ப் பாதியில் விழுவதற்கான வாய்ப்பு 15-ல் 8, சுமார் 53 சதவீதம். காசு சுண்டிப் போடுகிற மாதிரிதான். மிச்ச நேரங்களில் தகுதி குறைந்த ஒன்று வெள்ளிப் பதக்கத்தோடு வீட்டுக்குப் போகும்.

இதை 1883-லேயே ஒருவர் கணக்குப் போட்டு எழுதினார். லூயிஸ் கரோல். 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதியவரேதான். அசல் பெயர் சார்ல்ஸ் டாட்ஜ்சன், ஆக்ஸ்போர்டில் கணித ஆசிரியர். டென்னிஸ் போட்டிகளில் இரண்டாம் பரிசு தகுதியில்லாத ஆளுக்குப் போகிறது என்று தனிப் பிரசுரமே வெளியிட்டார்.

இதைச் சரி செய்ய அதிக செலவில்லை. முதல் ஆல்பம் தெரிந்த பிறகு, அதனிடம் நேரடியாகத் தோற்ற ஆல்பங்களை மட்டும் எடுங்கள். 16 பேர் போட்டியில் அப்படி நான்குதான் இருக்கும், சுற்றுக்கு ஒன்று. இரண்டாவது சிறந்தது அந்த நான்கில் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும், ஏனென்றால் முதலாவதைத் தவிர வேறு யாரிடமும் அது தோற்றிருக்காது. அந்த நான்குக்குள் மூன்று மோதல். ஆக மொத்தம் 18 மோதலில் முதலிரண்டு இடமும் நேர்மையாகக் கிடைத்துவிடும். இது கணினிப் பாடப் புத்தகத்தில் வரும் பழைய கணக்கு. கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தது இருபது வருஷம் கழித்து இளையராஜாவுக்கு உதவியது.

ஒருவருக்குள்ளேயே ஒரு வட்டம்

மேலே சொன்னதெல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஒன்று இரண்டைவிடப் பிடிக்கும், இரண்டு மூன்றைவிடப் பிடிக்கும் என்றால், ஒன்று மூன்றைவிடப் பிடித்தே ஆகவேண்டும் என்ற நம்பிக்கை. எண்களுக்கு இது சரி. ரசனைக்கு?

மூன்று ஆல்பங்கள் எடுத்துக்கொள்வோம்: 'ஜானி' (1980), 'தளபதி' (1991), 'ரோஜா' (1992). என் மனசுக்குள் மூன்று அளவுகோல்கள். மெட்டு, வாத்தியக் கோர்வை, ஞாபகம்.

மெட்டில் எனக்கு ஜானி, தளபதி, ரோஜா என்று வரிசை. வாத்தியக் கோர்வையில் தளபதி, ரோஜா, ஜானி. ஞாபகத்தில் ரோஜா முதல். ஏழாம் வகுப்பு, பன்னிரண்டு வயசு, கொடை விழா மைக் செட்டில் விடிய விடியக் கேட்டது. அப்புறம் ஜானி, கடைசியில் தளபதி.

இப்போது மோத விடுங்கள். ஜானிக்கும் தளபதிக்கும் நடுவில்: மெட்டும் ஞாபகமும் ஜானி பக்கம். ஜானி ஜெயிக்கிறது. தளபதிக்கும் ரோஜாவுக்கும்: மெட்டும் கோர்வையும் தளபதி பக்கம். தளபதி ஜெயிக்கிறது. அப்படியானால் ஜானி ரோஜாவை ஊதித் தள்ள வேண்டுமல்லவா? இல்லை. கோர்வையும் ஞாபகமும் ரோஜா பக்கம். ரோஜா ஜானியை ஜெயித்துவிடுகிறது. வட்டம் பூர்த்தி. எல்லாரும் ஒருவரை ஜெயித்து ஒருவரிடம் தோற்றிருக்கிறார்கள்.

பலர் ஓட்டுப் போடும்போது இந்த வட்டம் வரும் என்பதை 1785-ல் பிரெஞ்சுக்காரர் கொந்தோர்சே எழுதிவிட்டார். அது ஒரே ஆளின் தலைக்குள்ளும் வரும் என்பதை 1954-ல் கென்னத் மே என்ற அமெரிக்கக் கணித அறிஞர் சோதித்துப் பார்த்தார். 62 மாணவர்களிடம் அறிவு, அழகு, பணம் என்ற மூன்றிலும் ஏற்றத்தாழ்வுள்ள கற்பனை வரன்களை இரண்டிரண்டாகக் காட்டி யாரைக் கட்டிக்கொள்வாய் என்று கேட்டார். 17 பேர் இப்படி வட்டம் அடித்தார்கள். வரன் விஷயத்திலேயே இந்த லட்சணம் என்றால், பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

வட்டம் இருக்கும்போது நாக்-அவுட் நடத்தினால் என்ன ஆகும்? ஜானியும் தளபதியும் முதலில் மோதினால் ஜானி ஜெயித்து, ரோஜாவைச் சந்தித்து, தோற்கும். பட்டம் ரோஜாவுக்கு. தளபதியும் ரோஜாவும் முதலில் மோதினால் பட்டம் ஜானிக்கு. ரோஜாவும் ஜானியும் முதலில் மோதினால் பட்டம் தளபதிக்கு. மூன்று முறையும் ஒரே மனுஷன், ஒரே காது, ஒரே ரசனை. ஜெயித்தது யார்? முதல் சுற்றில் ஆடாமல் நேராக ஃபைனலுக்கு வந்த ஆல்பம். அதாவது அட்டவணை போட்டவன் கையில் இருக்கிறது கோப்பை.

உங்கள் தலைக்குள் வட்டம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எல்லா ஆல்பத்தையும் எல்லா ஆல்பத்தோடும் மோத விடுங்கள். 16 என்றால் 120 மோதல், நிறையத்தான். முடிந்ததும் ஒவ்வொன்றும் எத்தனை வெற்றி என்று எண்ணுங்கள். வட்டமே இல்லாத ரசனை என்றால் வெற்றிகள் 15, 14, 13 என்று தொடங்கி 0 வரை படிக்கட்டு மாதிரி இறங்கும். ஏதாவது இரண்டு ஆல்பங்களுக்கு ஒரே வெற்றி எண்ணிக்கை வந்தால், எங்கேயோ ஒரு வட்டம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். என் பட்டியலில் அடிவரிசை அழகாகப் படிக்கட்டாக இறங்கியது. உச்சியில்தான் ஒரே முட்டுச்சந்து. பிடிக்காததில் நாம் தெளிவாக இருக்கிறோம். ரொம்பப் பிடித்ததில்தான் தடுமாற்றம்.

செஸ் காரர்களிடம் கடன் வாங்கிய முறை

120 மோதலுக்கு யாருக்கு நேரம் இருக்கிறது? இங்கே செஸ் கைகொடுக்கும். ஆனந்த், குகேஷ் பெயருக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று வருமே, அது எலோ மதிப்பு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ உருவாக்கியது. உலக செஸ் சம்மேளனம் 1970-ல் ஏற்றுக்கொண்டது.

முறை இதுதான். எல்லா ஆல்பத்துக்கும் ஆரம்பத்தில் 1500 கொடுங்கள். இரண்டு சம மதிப்புள்ளவை மோதினால் ஜெயிப்பதற்கு 16 புள்ளி கூடும், தோற்பதற்கு 16 குறையும். மதிப்பில் வித்தியாசம் இருந்தால் கணக்கு மாறும். 1600 உள்ள ஆல்பம் 1500 உள்ளதை ஜெயிக்கும் என்று சுமார் 64 சதவீதம் எதிர்பார்ப்பு உண்டு. எதிர்பார்த்தபடி ஜெயித்தால் பதினொன்றரைப் புள்ளிதான் கிடைக்கும். தோற்றால் இருபதரைப் புள்ளி பறிபோகும். பெரியவன் சின்னவனை அடித்தால் பெருமை கொஞ்சம். சின்னவன் பெரியவனை அடித்தால் ஊரே பேசும். நம்மூர்த் தேர்தல் நியாயம்தான்.

இதில் இரண்டு நல்ல விஷயம். ஒரு தோல்வியால் எந்த ஆல்பமும் செத்துப்போகாது. பயணங்கள் முடிவதில்லை இன்றைக்குத் தோற்றால் அடுத்த வாரம் எழுந்து வரலாம். வட்டம் இருந்தாலும் முறை உடையாது. வட்டத்தில் சிக்கியவை ஏறக்குறைய ஒரே மதிப்பில் வந்து நிற்கும். "இவற்றுக்குள் எனக்கு உண்மையில் வரிசை இல்லை" என்று எண்ணே ஒத்துக்கொள்ளும்.

பாலம் வேண்டும்

இந்த முறைக்கு ஒரே ஒரு நிபந்தனை. எல்லா ஆல்பங்களும் ஏதோ ஒரு சங்கிலியால் இணைந்திருக்க வேண்டும். கோயம்புத்தூர் நண்பன் தமிழ் ஆல்பங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறான். கொல்லத்து நண்பன் மலையாளத்தை மட்டும். இருவர் பட்டியலிலும் உச்சியில் இருப்பது 1700 என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு 1700-ம் சமமா? சொல்லவே முடியாது. நடுவில் ஒரு மோதல்கூட நடக்கவில்லை. இரண்டு தீவுகள்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க்காரன் உபயோகப்படுகிறான். நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ரேடியோ முள்ளைத் திருப்பினால் திருநெல்வேலியும் வரும், திருவனந்தபுரமும் வரும். ரவீந்திரன் இசையமைத்த 'ஹிஸ் ஹைனஸ் அப்துல்லா' (1990), 'பரதம்' (1991) இரண்டையும் ராஜாவின் 'சிந்து பைரவி'யோடு (1985) பக்கத்தில் வைத்துக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே தெருவுக்குப் பத்துப் பேர். கர்நாடக சங்கீதத்தைச் சினிமாவுக்குள் கொண்டுவந்த ஆல்பங்கள் என்று மூன்றையும் நேருக்கு நேர் நிறுத்த அவர்களால் முடியும். அப்படி ஐந்தாறு மோதல் சேர்ந்தாலே போதும், இரண்டு தீவுகளும் ஒரே அளவுகோலுக்குள் வந்துவிடும். எல்லையில் இருப்பவன் ரசனை உசத்தி என்று சொல்லவரவில்லை. அவன் தீர்ப்பில் மற்றவர்களிடம் இல்லாத தகவல் இருக்கிறது, அவ்வளவுதான்.

பாலம் இல்லாமல், மோதலும் இல்லாமல், மொத்த ஓட்டை மட்டும் எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு 2002-ல் பிபிசி உலக சேவை நடத்திய உலகின் சிறந்த பாடல் வாக்கெடுப்பு உதாரணம். தளபதியின் 'ராக்கம்மா கையத் தட்டு' நான்காவது இடம் பிடித்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் முதலிடம் ஒரு ஐரிஷ் தேசபக்திப் பாடலுக்கு, இரண்டாமிடம் 'வந்தே மாதரம்', மூன்றாமிடம் பாகிஸ்தானின் 'தில் தில் பாகிஸ்தான்'. ஐரிஷ் பாட்டுக்கு ஓட்டுப் போட்டவர் ராக்கம்மாவைக் கேட்டிருப்பாரா? ராக்கம்மாவுக்குப் போட்ட நம்மாள் ஐரிஷ் பாட்டைக் கேட்டாரா? அங்கே அளக்கப்பட்டது எந்தச் சமூகம் எவ்வளவு பேரைத் திரட்டியது என்பதுதான்.

காது செய்யும் திருட்டுத்தனம்

கணக்கு சரியாக இருந்தாலும் காது ஏமாற்றும். மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

முதலில் சத்தம். ஒரே பாட்டைக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் வைத்தால், "இது தெளிவா இருக்கு, நல்லா இருக்கு" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். சத்தம் கூடியது என்று சொல்லமாட்டார்கள். 80-களின் ஒலிப்பதிவும் 90-களின் டிஜிட்டல் ஒலிப்பதிவும் மோதும்போது இது பெரிய அநியாயம். ஜானியைப் பழைய கேசட்டில் இருந்து எடுத்த கோப்பிலும், ரோஜாவைச் சுத்தமான பதிப்பிலும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னால், அது ராஜா ரஹ்மான் மோதல் இல்லை, டேப்புக்கும் டிஸ்க்குக்கும் நடந்த மோதல். இரண்டையும் காதுக்குச் சமமாக வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இரண்டாவது வரிசை. பெல்ஜியத்தின் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் இறுதிச் சுற்றுக் கலைஞர்கள் யார் எந்த நாளில் வாசிப்பது என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அப்படியும், பின்னால் வாசித்தவர்களுக்குச் சராசரியாக நல்ல இடம் கிடைத்திருப்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தேர்ந்த நடுவர்கள் கதியே இதுதான். அதனால் எந்த ஆல்பத்தை முதலில் கேட்பது என்பதற்குக் காசு சுண்டுங்கள்.

மூன்றாவது அலகு. ஆல்பம் என்றால் என்ன? நான்கு பாட்டு உள்ளதும் எட்டுப் பாட்டு உள்ளதும் எப்படிச் சமம்? எங்கள் காலத்தில் முழு ஆல்பத்தை வாங்கியவன் பணக்காரன். மற்றவர்கள் ரெக்கார்டிங் கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, 60 நிமிஷக் கேசட்டில் பிடித்த பாட்டை மட்டும் பதிந்து வாங்குவோம். அந்த நினைவில் ஆல்பம் என்பது அதன் இரண்டு நல்ல பாட்டுதான். நான் வைத்துக்கொண்ட விதி: முழுக்க ஒருமுறை கேட்டாக வேண்டும், பாட்டைத் தாண்டக்கூடாது. இந்த ஒரு விதியால் மட்டுமே பட்டியலில் பல ஆல்பங்கள் கீழே இறங்கின. 'இருவர்' (1997) மேலே ஏறியது.

கடைசிப் பத்தி

நீங்களும் செய்து பார்க்க நினைத்தால், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். 16 ஆல்பம். நாளைக்கு ஒரு மோதல், காசு சுண்டி வரிசை, சமமான சத்தம். எலோ கணக்குக்குக் கால்குலேட்டர் போதும். இரண்டு வாரத்துக்கு முந்தைய மோதல் ஒன்றை நடுநடுவே மறுபடி நடத்துங்கள். தீர்ப்பு மாறினால் அந்த இரண்டுக்கும் நடுவில் கோடு மெல்லியது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு பத்தி கட்டாயம் வையுங்கள், ஒரு வரி போதும். எங்கள் குழுவில் இரண்டாம் முறை இப்படித்தான் நடத்தினோம், மார்த்தாண்டத்துக்காரனையும் திரும்பக் கூப்பிட்டு. இந்தத் தடவை சண்டை குறைந்தது. ஒருத்தன் "ரஹ்மான்தான்" என்றும் இன்னொருத்தன் "ராஜாதான்" என்றும் முட்டிக்கொண்டிருந்த இடத்தில், இருவர் எழுதிய காரணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருத்தன் ஒலியைப் பற்றிப் பேசுகிறான், இன்னொருத்தன் மெட்டைப் பற்றி. மோதவே இல்லை. 1993-ல் அந்த நடுவர் குழு மேசையிலும் இப்படி ஒரு பத்தி இருந்திருந்தால் நமக்கு எவ்வளவு படிக்கக் கிடைத்திருக்கும் என்று தோன்றுகிறது.

பயணங்கள் முடிவதில்லை இப்போது எங்கள் பட்டியலில் ஒன்பதாவது. 'ஏன்' பத்தியில் அவன் எழுதியது: "அப்பா வண்டி." அதற்கு எதிராக யாரும் ஓட்டு மாற்றவில்லை, யாரும் சலுகையும் தரவில்லை. ஒன்பதாவது என்பது அது நியாயமாக ஜெயித்த இடம். "போதும் மக்கா" என்றான் அவன்.